பழவேற்காடு ஒரு நாள் பயணம்: உயிர் நண்டு வாங்குவது, சமைக்கக் கொடுப்பது, வீட்டுக்கு மீன் கொண்டுவருவது

அம்பத்தூரான் கேட்டது:

நானும் மனைவியும் அடுத்த மாசம் ஒரு நாள் பழவேற்காடு போகலாம்னு இருக்கோம். நண்டும் மீனும் வாங்கி, அங்கேயே யாரையாவது சமைச்சுத் தரச் சொல்லிச் சாப்பிட்டு, வீட்டுக்கும் 2, 3 கிலோ எடுத்துக்கிட்டு இருட்டறதுக்குள்ள அம்பத்தூர் திரும்பணும். காசிமேட்டுல மீன் வாங்கிப் பழக்கம் உண்டு, உயிர் நண்டு வாங்கினதில்ல.

தெரிஞ்சுக்க வேண்டியது: எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போகணும்? கார் நல்லதா, ரயிலும் பஸ்ஸுமா போறது நல்லதா? ரெண்டு பேருக்கு எவ்வளவு வாங்கினா சரியா இருக்கும்? நண்டு நல்லதான்னு எப்படிப் பார்க்கறது? இன்னொண்ணு, மனைவிக்கு இறால் சாப்பிட்டா சில சமயம் உதடு அரிக்கும், லேசா வீங்கும். நண்டு சாப்பிட்டா பரவாயில்லையா? ஏரியில படகு சவாரி உண்டுன்னு ஒருத்தர் சொன்னார், அதுவும் உண்மையா?


பொன்னேரிக்காரன்:

ஞாயிற்றுக்கிழமையை மறந்துடுங்க. சென்னைக் கூட்டம் மொத்தமும் அன்னிக்குத்தான் வரும், விலையும் ஏறும், ஆய்ந்து தர்றவங்களுக்கும் கை ஓயாது. செவ்வாய், புதன், வியாழன்ல ஒண்ணை எடுத்துக்கங்க. காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள்ள மீன் இறங்கற இடத்துல நிக்கணும். ராத்திரி வலை போட்டு எடுத்த ஏரி மீனும், விடியக்காலைல கடலுக்குப் போன ஃபைபர் படகு மீனும் அந்த நேரத்துலதான் கரைக்கு வரும். 11 மணிக்கு மேல போனா வெயில்ல கிடந்தது, இல்லன்னா முந்தின நாள் ஐஸ்ல இருந்தது கலந்து வர ஆரம்பிக்கும்.

மூணு விஷயத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுதான் நிக்கும், நாட்டுப்படகும் ஏரித் தொழிலும் நடக்கும். ஆனா சென்னை முழுக்க மீன் குறையறதால பழவேற்காட்டு மீனுக்கும் விலை எகிறும். ரெண்டாவது, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் புயல் எச்சரிக்கை கொடுத்தா கடலுக்குப் போக மாட்டாங்க. மூணாவது வெளியூர்க்காரங்களுக்குத் தோணவே தோணாது: ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் பக்கத்துலயே இருக்கு, ராக்கெட் விடற நாள்ல மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாதுன்னு அறிவிப்பு வரும். அந்தத் தேதியில போய் நின்னா கடல் மீன் கொஞ்சமாத்தான் இருக்கும்.

வழி: கார்ல வந்தா செங்குன்றம், தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு. வெளிவட்டச் சாலையில ஏறி மீஞ்சூர் வந்தும் பொன்னேரி பிடிக்கலாம். எண்ணூர் பக்கம் சுத்தி வராதீங்க, கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டினா காலை நேரம் போயிடும். ரயில்னா அம்பத்தூர்ல ஏறி பேசின் பிரிட்ஜ்ல இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி மாறி பொன்னேரி. அங்க பஸ் ஸ்டாண்டுல பழவேற்காடு பஸ். பஸ்ஸுக்குக் காத்திருக்கறதையும் சேர்த்தா ரெண்டரை, மூணு மணி நேரம் ஆகும்னு வெச்சுக்கங்க. முதல் வண்டிகள்ல ஒண்ணைப் பிடிச்சாத்தான் சரக்கு இருக்கும்போது போய்ச் சேர முடியும்.

சில்லறைப் பணம் எடுத்துக்கங்க. தரையில கூறு கட்டி விக்கற அம்மாக்கள் எல்லாரும் போன் வழியா வாங்கிக்க மாட்டாங்க. நல்ல கழிப்பறை வேணும்னா பொன்னேரியிலேயே முடிச்சுட்டுக் கிளம்பறது உத்தமம்.


களிநண்டு:

நண்டு பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே இரண்டு வகை நண்டைப் பார்ப்பீர்கள், இரண்டையும் வாங்கும் முறை வேறு.

முதலாவது களி நண்டு, சேற்று நண்டு என்றும் சொல்வார்கள். கரும்பச்சை நிறம், தடித்த ஓடு, பெரிய கொடுக்கு. கயிற்றால் கட்டி உயிரோடுதான் விற்பார்கள். செத்த களி நண்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உயிர் போனதும் அதன் குடலிலும் ஈரலிலும் உள்ள செரிமானச் சுரப்புகள் சதையை உள்ளிருந்தே கரைக்கத் தொடங்கும், கூடவே கிருமியும் பெருகும். சமைத்தால் சதை மாவாகப் போகும், நாற்றமும் வரும். கண் காம்பைத் தொட்டால் வெடுக்கென்று உள்ளே இழுக்க வேண்டும், கால்கள் அசைய வேண்டும், வாயோரம் லேசாக நுரை இருக்கலாம். அதுதான் உயிர் நண்டு.

உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, சதை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு உடம்பு பெருத்திருக்கும், உள்ளே தண்ணீர்தான் இருக்கும். தண்ணி நண்டு என்பது இதைத்தான். சோதனை இது: நண்டைப் புரட்டி, கடைசி நீச்சல் கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வயிற்றோட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். கல் போல நின்றால் நல்ல நண்டு. அமுங்கி மேலே வந்தால் தண்ணி நண்டு. அடி ஓடு பளீரென்று வெள்ளையாக, கீறல் இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் பழுப்பேறி, கொடுக்கின் பற்கள் தேய்ந்திருந்தால் ஓடு மாற்றி நாளாகியிருக்கிறது, சதை நிறைந்திருக்கும். ஒரே அளவில் இரண்டு நண்டைக் கையில் ஏந்திப் பார்த்தால் கனமானது எது என்று தெரிந்துவிடும், அதை எடுங்கள். அமாவாசை நண்டு சதைப்பிடிப்பு, பௌர்ணமி நண்டு சோடை என்று மீனவர்கள் சொல்வார்கள். நாள் பார்த்துப் போனாலும் அழுத்திப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஆணுக்கு வயிற்று மடல் ஒடுங்கிய முக்கோணமாக இருக்கும், பெண்ணுக்கு அகலமாக வளைந்திருக்கும். கொடுக்குச் சதை வேண்டும் என்றால் ஆண், ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறச் சினை வேண்டும் என்றால் பெண். மடலுக்கு வெளியே முட்டை கொத்தாகத் தொங்கும் பெண் நண்டை விட்டுவிடுங்கள். அது குஞ்சு பொரிக்கப் போகிறது, அதை வாங்கினால் அடுத்த வருஷ நண்டுக்குத்தான் நட்டம். அந்த நேரத்தில் உள்ளே சதையும் வற்றியிருக்கும்.

பெரிய, குறையில்லாத நண்டுகள் சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு உயிரோடு ஏற்றுமதியாகின்றன, அவற்றை ஏஜென்ட்டுகள் அள்ளிவிடுவார்கள். உங்களுக்கு லாபமானது ஒற்றைக் கொடுக்கு நண்டு. ஒரு கொடுக்கு ஒடிந்திருந்தால் ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டார்கள், விலை நன்றாகக் குறையும், உடம்புச் சதை அப்படியே இருக்கும். கயிற்றையும் கவனியுங்கள். சில இடங்களில் தடித்த கயிறு ஈரத்தோடு நல்ல எடை பிடிக்கும். எடை போடுவதற்கு முன்பே, 'கயிறு கழிச்சுத்தானே அக்கா?' என்று சிரித்துக் கொண்டே கேட்டுவிடுங்கள். கையில் ஒரு டிஜிட்டல் தூக்குத் தராசு இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது நீல நண்டு, முதுகில் மூன்று புள்ளி உள்ள நண்டு போன்ற கடல் நண்டுகள். வலையிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்திலேயே இவை செத்துவிடும், அதனால் செத்தது என்று ஒதுக்க வேண்டியதில்லை. கால் மூட்டை முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை மட்டும் வர வேண்டும், அம்மோனியா நெடி கூடாது. காலைத் தூக்கினால் உடம்பு தொங்காமல் விறைப்பாக இருக்க வேண்டும்.

அளவு: நண்டில் ஓடு போக உண்ணும் சதை கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். நண்டு ஒருவருக்கு மட்டும் என்றால் 500 கிராம் களி நண்டு ஒன்று போதும், இருவருக்கு என்றால் ஒரு கிலோ. இறால் அரைக் கிலோ தலையோடு வாங்கினால் சுத்தம் செய்தபின் பாதிதான் நிற்கும்.


லட்சுமி_வைட்டமின்:

நண்டைப் பற்றி இவ்வளவு அருமையாகச் சொன்ன பிறகு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மனைவி நண்டு சாப்பிடக் கூடாது. 'கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம்' என்பதும் வேண்டாம், அதுவும் ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரத்தில்.

காரணம் இதுதான். இறாலில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம். நண்டிலும் சிங்கி இறாலிலும் கிட்டத்தட்ட அதே புரதம் இருக்கிறது, உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. நன்றாக வேகவைத்தாலும் அது சிதைவதில்லை. கடம்பா, ஆளி போன்றவற்றிலும் அதன் உறவுப் புரதம் உண்டு, சிலருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது. உதடு அரித்து வீங்குவது சின்ன அறிகுறி போலத் தெரியும். அடுத்த முறை மூச்சுத் திணறலாக வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போவதற்கு முன்பே ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மீனுக்கு ஒவ்வாமை தருவது வேறு புரதம். இதுவரை மீன் சாப்பிட்டு எதுவும் ஆகவில்லை என்றால் அவருக்கு மீன் தாராளம். ஆனால் சமைப்பவரிடம் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். இறால் பொரித்த எண்ணெயிலும் தவாவிலும் மீனைப் போடக் கூடாது. நண்டுக் குழம்பில் விட்ட கரண்டி மீன் குழம்பில் படக் கூடாது. மீன் வறுவல் முதலில் முடிய வேண்டும், நண்டு கடைசியில். நண்டு, இறால் வேகும் ஆவியே சிலருக்குப் போதும், அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். தொண்டை இறுக்கம், மூச்சு வாங்குதல், தலைசுற்றல் வந்தால் மாத்திரை தேடாமல் உடனே 108.

இன்னொரு குழப்பமும் உண்டு. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களை வெயிலில் வைத்துவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிக்கும், தலை வலிக்கும். பார்த்தால் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். சமைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. அந்த இரண்டு மீனையும் ஐஸில் பார்த்தால் மட்டும் வாங்குங்கள்.


அம்பத்தூரான்:

லட்சுமி அக்கா, நல்ல நேரத்துல சொன்னீங்க, நன்றி. அப்போ அவளுக்கு மீன் மட்டும், எனக்கு ஒற்றைக் கொடுக்கு நண்டு ஒண்ணு. ஏரி மீன்ல முள் குறைவா எது? சமைக்கக் கொடுக்கறது எப்படி?


உப்பங்கழி:

பழவேற்காடு போய் வஞ்சிரம் தேடாதீர்கள் என்பதுதான் முதல் சொல். அது காசிமேட்டிலேயே கிடைக்கும். இந்த ஊரின் சொத்து ஏரி மீன். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் ஏரி, முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடலிலிருந்து மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வந்து வளரும். மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் வரத்து குறையும். எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் என்று வலை போடுவதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. ஒரு நாள் ஏராளமாகக் கிடைத்த மீன் மறுநாள் இல்லாமல் போகலாம். அதனால் மனதில் பட்டியல் போட்டுக்கொண்டு போகாமல், அன்றைக்கு எது துள்ளுகிறதோ அதை வாங்குங்கள்.

முள் பயம் இருந்தால் கொடுவா. நடுமுள் தடிமன், சதை வெள்ளையாகப் பெரிய இதழாக உரியும். ஒரு கிலோ அளவு மீனில் நாலு துண்டு குழம்புக்கு, மீதியை வறுக்கலாம். வறுவலுக்கு அதைவிட எனக்குப் பிடித்தது கிழங்கான். விரல் தடிமன், முழுசாக வறுத்தால் நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவிவிடலாம். ஒருவருக்கு 250 கிராம் போதும். மடவை குழம்புக்கு அபார ருசி, ஆனால் சேறு தின்னும் மீன் என்பதால் ஆய்வதில்தான் எல்லாமே இருக்கிறது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்பு ஜவ்வை உரசி எடுக்காவிட்டால் குழம்பில் சேற்று வாடையும் கசப்பும் ஏறும். ஆய்பவரிடம், 'உள்ள கறுப்புத் தோல் சுத்தமா எடுத்துடுங்கம்மா' என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். பிறகு கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித் தண்ணீரில் 5 நிமிடம் வைத்து அலசினால் வாடை நின்றுவிடும்.

புதுசா என்று பார்க்க: கண் வெளியே புடைத்துத் தெளிவாக, செவுள் இரத்தச் சிவப்பில், வயிற்றை அழுத்தினால் குழி விழாமல். செவுளில் சிவப்புச் சாயம் பூசியிருக்குமோ என்று பயந்தால் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஏலத்தில் கூடை கூடையாகப் போகும், அங்கே நாம் நுழைய முடியாது. ஏலம் எடுத்து வந்து கூறு வைக்கும் அம்மாக்களிடம் வாங்குவதுதான் நமக்கு வசதி.

சமையலுக்கு: ஊருக்குள் சில சின்ன மெஸ்களிலும் வீடுகளிலும் நாம் வாங்கிக் கொடுப்பதைச் சமைத்துத் தருவார்கள். மீன் விற்கும் அம்மாவிடமே கேளுங்கள், கை காட்டுவார். கூலி கிலோவுக்கா வகைக்கா, சோறும் எண்ணெயும் அதில் சேர்த்தியா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். 10 மணிக்குள் கொடுத்தால் 12.30க்குச் சாப்பாடு. மனைவியின் ஒவ்வாமையைச் சொல்லும்போது 'பிடிக்காது' என்று சொல்லாதீர்கள், 'பட்டாலே ஆஸ்பத்திரிதான்' என்று சொன்னால்தான் தவாவைக் கழுவுவார்கள். சின்ன அடுப்படியில் இது முடியாது என்று தோன்றினால் நண்டை உயிரோடு வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனியாகச் செய்துகொள்ளுங்கள், அன்றைக்கு இருவரும் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டில் செய்வதானால், உயிர் நண்டை அப்படியே வெட்டினால் பயத்தில் கொடுக்கையும் காலையும் உதிர்த்துவிடும், சாறு போய்விடும். ஃப்ரீசரில் 30 நிமிடம் வைத்தால் அசைவு நிற்கும். பிறகு மடலைப் பிய்த்து, முதுகோட்டைத் திறந்து, இரு பக்கமும் பஞ்சு விரல் போல இருக்கும் செவுளையும் கண்ணுக்குப் பின்னால் உள்ள இரைப்பையையும் எடுத்து எறியுங்கள். ஓட்டில் ஒட்டியுள்ள மஞ்சள் சாற்றை வழித்துத் தனியே வையுங்கள், குழம்பின் ருசி அதில்தான். உடைத்த பிறகு குழாயடியில் நீட்டிக் கழுவ வேண்டாம்.

500 கிராம் நண்டுக்குச் சின்ன வெங்காயம் 75 கிராம், தக்காளி 1, பூண்டு 6 பல், மிளகு ஒரு டீஸ்பூன், சீரகமும் சோம்பும் அரை டீஸ்பூன் வீதம், மஞ்சள், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மிளகு, சீரகம், சோம்பை வறுத்துக் கொரகொரப்பாக இடியுங்கள். வெங்காயமும் தக்காளியும் சுருள வதங்கியதும் நண்டு, வழித்து வைத்த சாறு, கால் டம்ளர் தண்ணீர். மூடி போட்டு 12 நிமிடம். இடித்த பொடி கடைசி 3 நிமிடத்தில். நண்டிலேயே உப்பு உண்டு, அதனால் வழக்கமாகப் போடுவதில் பாதி போட்டு, இறக்கும்போது சரிபாருங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் சதை சுருங்கி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சினாலும் வராது.


ஐஸ்பெட்டி:

பொன்னேரிக்காரன் அண்ணா ரயில் வழி சொல்லியிருக்கார், நான் அதை ஒத்துக்க மாட்டேன். சாப்பிட மட்டும் போறதுன்னா ரயில் சரி. 3 கிலோ மீனோட திரும்பறதுன்னா கார்தான். தண்ணி சொட்டற பையோட பஸ்ல ஏறினா கண்டக்டர் இறக்கி விட்டுடுவார், பக்கத்துல உக்கார்றவங்களுக்கும் கஷ்டம்.

ஐஸ் கணக்கு: நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். 3 கிலோ மீனுக்கு 3 கிலோ ஐஸ், அதுக்கு 15, 20 லிட்டர் தெர்மாகோல் பெட்டி. ஐஸைப் பொடியா உடைக்கணும், பெரிய கட்டியா போட்டா மீன்ல படாத இடமெல்லாம் சூடாவே இருக்கும். அடியில ஐஸ், மேல மீன், மறுபடியும் ஐஸ், கடைசியா மேல ஐஸ்தான் வரணும். பெட்டி அடியில சின்ன ஓட்டை போட்டு, கீழ ஒரு ட்ரே வெச்சுடுங்க. உருகின தண்ணில மீன் ஊறினா சதை வெளுத்து ருசி போயிடும். குடல் எடுத்துட்டு வெக்கணும். இறாலைத் தலை கிள்ளிட்டு வைங்க, தலையில இருக்கற சுரப்பு கழுத்துப் பக்கத்துல இருந்து சதையை இளக்கிடும். மனைவிக்கு ஒத்துக்காதுன்னா அந்தப் பெட்டில இறாலே வேண்டாம், அந்தத் தண்ணி மீன் மேலதான் வடியும்.

உயிர் களி நண்டை ஐஸ்ல போடவே கூடாது. உருகின நல்ல தண்ணில மூழ்கினா செத்துடும். ஈரச் சாக்குல சுத்தி, காத்து போற கூடையில வெச்சு, கட்டு அவிழ்க்காம கார்ல கால் வெக்கற இடத்துல வைங்க. டிக்கில வெச்சா வெயில் சூட்டுல அம்பத்தூர் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்.


பொன்னேரிக்காரன்:

ஐஸ்பெட்டி சொல்றது சரிதான், மீன் எடுத்துக்கிட்டு வர்றதா இருந்தா கார்லயே வாங்க.

படகு சவாரிக்கு மட்டும் பதில் பாக்கி. யார் கூப்பிட்டாலும் ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25ஆம் தேதி சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. அதுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளை மீன்பிடிப் படகுல ஏத்தறதுக்குத் தடை இருக்கு. உயிர்காப்பு உடுப்பு இருக்கும்னு நம்பிப் போக முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், அங்க குளிக்கவும் இறங்காதீங்க.

சமையல் ஆகற ரெண்டு மணி நேரத்துல டச்சுக்காரங்க கல்லறையைப் பாருங்க. வாசல்ல செதுக்கியிருக்கற எலும்புக்கூடு சிற்பத்தை நின்னு பார்க்கணும். அவங்க 1613ல கட்டின கெல்ட்ரியா கோட்டையில இப்போ புதர்தான் மிச்சம். பனை ஓலைப் பெட்டி பின்னறவங்க ஊருக்குள்ள இருக்காங்க, நேரா அவங்ககிட்டயே வாங்கலாம். ஏரிப் பாலத்து மேல ஏறி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போனா கடற்கரை. நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போனா ஏரியில பூநாரை தெரியலாம். அதுக்காகவே போறதுன்னா சூளூர்ப்பேட்டையில இருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடுதான் சரி, அது தனியா ஒரு நாள் வேலை.

ஐஸை மத்தியானம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒருதடவை மாத்திப் போட்டுக்கங்க. 3 மணிக்கு மேல அங்க இருக்காதீங்க, தச்சூர் கூட்டு ரோட்டுல சாயங்கால லாரி சேர்ந்துட்டா அம்பத்தூர் போய்ச் சேர ராத்திரி ஆயிடும்.